பத்து ஸ்டேஷன்

குரோம்பேட்டைல ஏறினா பத்தாவது ஸ்டேஷன் நுங்கம்பாக்கம். ஒம்பது வருஷமா அதே லைன், அதே லேடீஸ் கம்பார்ட்மென்ட். எந்த அக்கா உக்காந்த உடனே பையத் தொறந்து அவரைக்காய்க்கு நார் எடுக்க ஆரம்பிப்பாங்க, ஹேர்கிளிப் விக்கிற பொண்ணு எந்த ஸ்டேஷன்ல பெட்டி மாறுவா, எல்லாம் அத்துப்படி. அந்த ரயில்ல ஒரு நாள் என் உசுரு இப்ப போயிடும்னு முழுசா நம்பினேன். அதுக்கப்புறம் அதே ரயில்ல மறுபடி நுங்கம்பாக்கம் போய்ச்சேர எனக்கு பதினோரு மாசம் ஆச்சு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு நினைச்சு தள்ளிப்போட்ட கதை இது.

2022 செப்டம்பர் 29, வியாழக்கிழமை. நான் வேலை பாக்குறது ஆடிட்டர் ஆபீஸ்ல. டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்கு மறுநாள் கடைசி தேதி. அந்த மாசம் பூரா தூக்கம்னு ஒண்ணு இருந்ததா ஞாபகமே இல்ல, ஒரு நாளைக்கு அஞ்சாறு காபி, மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, அதுவும் டேலி கணக்கு சாஃப்ட்வேர பாத்துக்கிட்டே ஒரு கைல. ராத்திரி எட்டு மணி வாக்குல ரயில் ஏறினேன். சைதாப்பேட்டை தாண்டி அடையாத்துப் பாலத்து மேல வண்டி நின்னுடுச்சு. சிக்னல். எப்பவும் நிக்கிறதுதான், புதுசு ஒண்ணும் இல்ல. ஆனா அன்னிக்கு திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்க ஆரம்பிச்சுது, விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி, வாயச் சுத்தி மரத்துப்போச்சு, மூச்சு உள்ள போகுது ஆனா பத்தல, எவ்ளோ இழுத்தாலும் பத்தல. எங்கப்பா ஐம்பத்திரெண்டு வயசுல ஹார்ட் அட்டாக்ல போனவரு. மனசுல ஓடினது அது ஒண்ணுதான். பக்கத்துல இருந்த பூக்கார அக்கா "என்னம்மா, சுகரா?"ன்னு கேட்டுட்டு பூவுக்குத் தெளிக்க வச்சிருந்த தண்ணிய என் மூஞ்சில தெளிச்சாங்க. மல்லிப்பூ வாசம் அடிச்ச தண்ணி. அத இன்னிக்கும் மறக்க முடியல.

கிண்டில இறக்கி ஆட்டோல ஏத்தி விட்டாங்க. ஆஸ்பத்திரில ஈசிஜி, ட்ரோபோனின்னு ஒரு ரத்த டெஸ்ட், எக்கோ எல்லாம் எடுத்து ராத்திரி முழுக்க படுக்க வச்சிருந்தாங்க. எல்லாம் நார்மல். டூட்டி டாக்டர் "கேஸா இருக்கும்மா, டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொல்லிட்டு ஒரு பேன்-டி கேஸ் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. மறுநாள் சாயங்காலம் கைல டிரிப் ஏறிக்கிட்டிருக்கும்போதுதான் ஆபீஸ் குரூப்ல மெசேஜ் வருது, ஆடிட் ரிப்போர்ட் தேதிய அக்டோபர் 7 வரைக்கும் நீட்டிச்சிட்டாங்களாம். கடைசி நாள் அன்னிக்கு! நான் சிரிச்ச சிரிப்புல நர்ஸ் ஓடி வந்துட்டாங்க.

எல்லாம் நார்மல்னு சொன்னா சந்தோஷப்படணும்தான. எனக்கு அது கேவலமா இருந்துச்சு. ஒரு வியாதி இருந்திருந்தா கூட மரியாதையா இருந்திருக்கும், ஒண்ணுமே இல்லாததுக்கு ஊரைக் கூட்டிட்டேன்னு ஆயிடுச்சே. அதனால வியாதியத் தேட ஆரம்பிச்சேன். அடுத்த ரெண்டு மாசத்துல மூணு இதய டாக்டர், ட்ரெட்மில் டெஸ்ட், தைராய்டு, பி12, வைட்டமின் டி. வைட்டமின் டி மட்டும் கம்மி, அது இந்த ஊர்ல யாருக்குத்தான் கம்மி இல்ல.

அதுக்குள்ள ரயில் போயிடுச்சு. அக்டோபர்ல ஏறிப் பாத்தேன், பல்லாவரத்துலயே இறங்கிட்டேன். சரி பஸ்ல போலாம்னு பாத்தா கத்திப்பாரா மேம்பாலத்துல பஸ் நின்னா அதே படபடப்பு. அப்ப ஆட்டோ. ஆட்டோவுக்கு சம்பளத்துல பாதி போச்சு. அப்புறம் அவரு பைக்ல கொண்டுவந்து விட ஆரம்பிச்சாரு. அப்புறம் வொர்க் ஃப்ரம் ஹோம் கேட்டு வாங்கினேன். அப்புறம் கோயில் கூட்டம் வேணாம், சரவணா ஸ்டோர்ஸ் படிக்கட்டு வேணாம், லிஃப்ட் வேணாம், பாப்பா ஸ்கூல் ஆண்டுவிழா ஹால்ல நடுவுல சீட்டு வேணாம். ஒவ்வொண்ணையும் விடும்போது அன்னிக்கு ஒரு நிம்மதி கிடைக்கும் பாருங்க, அதுதான் அதுல இருக்கற சூது. நிம்மதி கிடைக்குது, அதனால சரியாத்தான் செய்யறோம்னு தோணும். டிசம்பர்ல கணக்குப் பாத்தா வீட்லேந்து முக்குல இருக்கற மளிகைக்கடை வரைக்கும்தான் என் ஊரு.

அந்த மளிகைக்கடைக்கே ஹேண்ட்பேக் இல்லாம போகமாட்டேன். அந்தப் பைல என்ன இருக்கும்னு சொன்னா சிரிப்பீங்க. தண்ணி பாட்டில், எலக்ட்ரால் பாக்கெட், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடில வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை (மெடிக்கல் ஷாப்ல அப்பா பழைய சீட்டக் காட்டி வாங்கினது, தயவுசெஞ்சு யாரும் இப்படிப் பண்ணாதீங்க), அப்புறம் கொரோனா நேரத்துல வாங்கின ஆக்ஸிமீட்டர். அந்த ஆக்ஸிமீட்டர் இருக்கே, க்ளிப்பு மாதிரி விரல்ல மாட்டினா செவப்பு லைட்டு எரியுமே, அத பைக்குள்ளயே கைய விட்டு யாருக்கும் தெரியாம மாட்டிப் பாப்பேன். 98. ரெண்டு நிமிஷம் கழிச்சு 98. மறுபடி 99. ஒரு நாள் குளிர்ல 94 காட்டிச்சு, அன்னிக்கு ராத்திரி பூரா கட்டில்ல உக்காந்தே இருந்தேன்.

அம்மா முசிறிலேந்து வந்தாங்க. வந்த அன்னிக்கே உப்பு மொளகா சுத்திப் போட்டாங்க, மொளகா நெடியே வரல பாரு, எவ்ளோ கண்ணு பாருன்னு ஒரே பொலம்பல். அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு மெதுவா, நான் துணி மடிச்சிக்கிட்டிருக்கும்போது, மூஞ்சியப் பாக்காம, "ஏண்டி, ஒரு எட்டு குணசீலம் போயிட்டு வருவோமா?"ன்னாங்க.

எங்க ஊர்க்காரங்களுக்கு இந்த ஒரு வாக்கியம் என்ன பண்ணும்னு தெரியும். சென்னைல கீழ்ப்பாக்கம்னா எங்க பக்கம் குணசீலம். திருச்சிக்கும் முசிறிக்கும் நடுவுல காவேரிக் கரைல பெருமாள் கோயில், மனசு சரியில்லாதவங்கள கூட்டிட்டு வந்து ஒரு மண்டலம் தங்க வைப்பாங்க, பூஜை முடிஞ்சதும் தீர்த்தத்த மூஞ்சில அடிப்பாங்க. காலேஜுக்கு தினம் அந்த வழியாத்தான் பஸ்ல போவேன். பஸ் ஸ்டாப் வந்ததும் "ஏய், உன் ஸ்டாப்பு வந்துடுச்சு, இறங்கு"ன்னு ஒருத்திய ஒருத்தி தள்ளி விட்டு சிரிப்போம். நானும்தான் சிரிச்சேன். ஆபீஸ்லயும் அதே கதைதான், பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலன்னா "கீழ்ப்பாக்கத்துல ஒரு பெட் போட்டு வைங்க"ன்னு யாராவது சொல்லுவாங்க. 1794லேந்து இருக்கற மனநல ஆஸ்பத்திரி அது, எத்தனை லட்சம் பேரு போய் வைத்தியம் பாத்துக்கிட்டு வந்திருப்பாங்க, நமக்கு அது ஒரு ஜோக்கு.

ஜோக்குக்கு அடில பயம். என் பயம் எங்கேந்து வந்துச்சுன்னு யோசிச்சா ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட், நான் ஒம்பதாவது படிச்சிக்கிட்டிருந்தேன். மனநல காப்பகம்னு பேரு வச்சிருந்த கொட்டகைல தீப்பிடிச்சு 28 பேரு செத்துப்போனாங்க, சங்கிலில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. பேப்பர்ல வந்த படத்த அப்பா மடிச்சு வச்சிட்டாரு, நான் எடுத்துப் பாத்துட்டேன். மனசு சரியில்லன்னு ஒத்துக்கிட்டா அந்த வரிசைல போய் நிக்கணும்னு என் மண்டைக்குள்ள எங்கயோ பதிஞ்சிருக்கு. அதுக்கு ஹார்ட் அட்டாக்கே தேவலாம்னு உடம்பு நினைச்சிருக்கும் போல.

அம்மாகிட்ட கத்தினேன். நல்லா கத்தினேன். அவங்க ஒண்ணும் சொல்லாம மிச்சத் துணிய மடிச்சாங்க. இப்ப யோசிச்சா, எல்லாரும் எனக்கு கேஸு, டென்ஷன், கண்ணு, வேலை ஜாஸ்தின்னு சொல்லிக்கிட்டிருந்தப்ப, பிரச்சனை மனசுலன்னு முதல்ல சரியா சொன்னது எங்கம்மாதான். அட்ரஸ்தான் வேற சொன்னாங்க.

மார்கழி ராத்திரி ஒண்ணு. ரெண்டரை மணி இருக்கும். தூக்கத்துலேந்து அப்படியே படபடப்போட எழுந்தேன், அவர எழுப்ப வெக்கம், எத்தனை தடவைதான் எழுப்பறது. பால்கனில உக்காந்து போன நோண்டிக்கிட்டிருந்தப்ப 14416னு ஒரு நம்பர். டெலி மானஸ், அந்த அக்டோபர்லதான் ஆரம்பிச்சிருந்தாங்க, இருபத்தி நாலு மணி நேரமும், காசு கிடையாது. தமிழ்ல ஒரு அம்மா எடுத்தாங்க. நான் என்ன பேசினேன்னு சரியா ஞாபகம் இல்ல, அழுதது ஞாபகம் இருக்கு. அவங்க பெரிய தத்துவம் எல்லாம் சொல்லல. "சாப்டீங்களா? பக்கத்துல யாரு இருக்கா? இப்ப எங்க உக்காந்திருக்கீங்க, குளிருதா?" இப்படியே கேட்டாங்க. கடைசில, இதுக்கு பேரு பேனிக் அட்டாக்கா இருக்கலாம், மனநல டாக்டர போய்ப் பாருங்க, சரியாகக் கூடியதுதான்னாங்க. பேரு இருக்கா இதுக்குன்னு ரெண்டு தடவை கேட்டேன்.

2023 ஜனவரி, பொங்கல் முடிஞ்சு போனேன். அந்த கிளினிக் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மாடில. அது யாரு யோசிச்சு வச்சாங்களோ, கோயில் கட்டிக் கும்பிடலாம். படிக்கட்டுல தெரிஞ்சவங்க யாரு வந்தாலும் எல்லாரும் கன்னத்துல கைய வச்சிக்குவோம். ஆபீஸ்லயும் பல்லுன்னுதான் சொன்னேன், ரூட் கெனால். வாராவாரம் லீவு கேட்டு கேட்டு ஏப்ரல்ல எங்க ஆடிட்டர் சார் "ஏம்மா, உனக்கு மொத்தம் எத்தனை பல்லும்மா?"ன்னு கேட்டாரு.

டாக்டர் மேடம் இருபது நிமிஷம் கேட்டாங்க, எழுதினாங்க. எஸ்சிடலோபிராம் அஞ்சு மில்லிகிராம், ஒரு வாரம் கழிச்சு பத்து. ராத்திரிக்கு குளோனசிபாம் ரொம்ப சின்ன டோஸ், அதுவும் மூணே வாரம், அத பழக்கமாக்க விடமாட்டேன்னு அன்னிக்கே கறாரா சொல்லிட்டாங்க. மாத்திரை போட்ட உடனே தெளிஞ்சிடும்னு எதிர்பாத்தேன். கிழிஞ்சுது. முதல் பத்து நாள் இன்னும் மோசம், குமட்டல், ஓயாத கொட்டாவி, என்னென்னவோ கனவு. மேடம் இத முன்னாடியே சொல்லி, வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும்னு சொல்லியிருக்கலன்னா மூணாம் நாளே தூக்கி எறிஞ்சிருப்பேன். நாலாவது வாரம் ஒரு நாள் காலைல தோசை சுட்டுக்கிட்டிருக்கேன், அரை மணி நேரமா என் நெஞ்சுத்துடிப்ப நான் கவனிக்கவே இல்லன்னு திடீர்னு உரைச்சுது. அவ்ளோதான். வானவில் எல்லாம் வரல, மூணாவது தோசை கருகிப்போச்சு.

மாத்திரை பாதி வேலை. மீதி பாதிக்கு மேடம் ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பினாங்க, என்னைவிட பத்து வயசு சின்னப் பொண்ணு, இவகிட்ட என்னத்தச் சொல்றதுன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு முதல் நாளே என்னை சுழல் நாற்காலில உக்கார வச்சு ஒரு நிமிஷம் சுத்தி விட்டா. தலை சுத்துச்சு, படபடன்னு ஆச்சு. "இப்ப ஹார்ட் அட்டாக்கா மேம்?" இல்ல. "அப்ப என்ன?" சுத்தினதால. "அவ்ளோதான் மேம். பாலத்துலயும் அதான்." வேகமா மூச்சு இழுக்க இழுக்க ரத்தத்துல கரியமில வாயு கொறைஞ்சுடும், அதான் விரல் மரத்துப்போறது, தலை கிறுகிறுக்கறது. ஆபத்து இல்லாத நேரத்துல உடம்பு அடிக்கிற ஆபத்து மணி. பத்து நிமிஷம் போல உச்சத்துல இருக்கும், அப்புறம் தானா இறங்கும். ஆனா இறங்கறதுக்கு முன்னாடி நீங்க இறங்கி ஓடிடறதால அது தானா இறங்கும்னு உங்களுக்குத் தெரியாமலே போச்சுன்னா. பல்லாவரத்துல இறங்கினேன்ல, அது.

அந்த வாரம் ஹோம்வொர்க்கு தினம் ரெண்டு தடவை நாற்காலில சுத்தறது. பாப்பாவுக்கு ஒரே குஷி, அம்மா பைத்தியமாயிட்டான்னு நினைச்சிருப்பா, அவளும் மடில ஏறிப்பா.

ஏப்ரல்ல ரயில் ஆரம்பிச்சோம். குரோம்பேட்டைலேந்து பல்லாவரம், அஞ்சு ரூபா டிக்கெட்டு. கூட்டம் இல்லாத மதியம் ரெண்டு மணி. பயத்துக்கு நூத்துக்கு எவ்ளோ மார்க்குன்னு நோட்டுல எழுதணும், ஏறும்போது 80, பல்லாவரம் வரும்போது 85. போய் இறங்கி எதிர் பிளாட்பாரத்துல திரும்பி வரணும். மறுபடி போகணும். ஒரே நாள்ல நாலு தடவை. நாலாவது தடவை 40. எனக்கு பயம் போச்சான்னா இல்ல, போரடிச்சுது. "போரடிக்கணும் மேம், அதான் வேணும்"னா அந்தப் பொண்ணு. ரெண்டாவது வாரம் திரிசூலம். அப்புறம் மீனம்பாக்கம். பழவந்தாங்கல்ல ஒரு வாரம் மாட்டிக்கிட்டேன், ஏன்னு தெரியல. ஒவ்வொரு தடவையும் பைலேந்து ஒரு பொருள எடுத்துடணும்னு வேற கண்டிஷன். முதல்ல சார்பிட்ரேட் போச்சு. அப்புறம் எலக்ட்ரால். தண்ணி பாட்டில் சண்டை போட்டு இருந்துச்சு, வெயில் காலம்ல. ஆக்ஸிமீட்டர கடைசி வரைக்கும் ஒளிச்சு வச்சிருந்தேன், அவகிட்டயே பொய் சொன்னேன்.

பரங்கிமலை வரைக்கும் வந்தாச்சுன்ன தைரியத்துல மே மாசம் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். நல்லாத்தான இருக்கோம், எதுக்கு மாத்திரைன்னு நானே நிறுத்திட்டேன். யாருகிட்டயும் சொல்லல. மூணாம் நாள்லேந்து கண்ண திருப்பினா மண்டைக்குள்ள சுரீர்னு கரெண்ட் அடிக்கிற மாதிரி, எரிச்சல், காரணமே இல்லாம அழுகை. பாப்பாவ அடிச்சிட்டேன் ஒரு நாள். பென்சில் சீவல தரைல போட்டதுக்கு. அவ அழல, என்னையே பாத்துக்கிட்டு நின்னா. இத எழுதாம விடலாம்னுதான் நினைச்சேன்.

மேடம் திட்டுவாங்கன்னு பாத்தா, "எல்லாரும் ஒரு தடவை இதப் பண்ணித்தான் பாக்கறாங்க"ன்னாங்க. நிறுத்தறதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா அவங்கதான் கொறைப்பாங்க, அதுவும் நல்லா இருக்க ஆரம்பிச்சு பல மாசம் போன பிறகு. திரும்ப முதல்லேந்து. ரயில்லயும் ரெண்டு ஸ்டேஷன் பின்னாடி போய் மீனம்பாக்கத்துலேந்து ஆரம்பிச்சேன்.

கிண்டி, அப்புறம் பாலம். ஆகஸ்ட்ல ஒரு செவ்வாக்கிழமை. வண்டி நிக்கவே இல்ல தெரியுமா. பாலம் முழுக்க நின்னுடுமோ நின்னுடுமோன்னு கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னேன், அது பாட்டுக்கு தடதடன்னு தாண்டிப் போயிடுச்சு. கொஞ்சம் ஏமாத்தமா கூட இருந்துச்சு. மாம்பலத்துல கூட்டம் தள்ளின தள்ளுல உள்ள போயிட்டேன், நுங்கம்பாக்கத்துல இறங்கி வெளிய ஒரு கரும்பு ஜூஸ் குடிச்சேன். ஆபீஸுக்குக் கூட போகல அன்னிக்கு, அப்படியே திரும்பிட்டேன்.

ஒரு சின்ன விஷயம் சொல்லிடறேன், யாருக்காவது உதவும். அந்த முதல் நாள் ஆஸ்பத்திரி பில்லுக்கு இன்சூரன்ஸ்ல கிளைம் போட்டா, மனப் பதட்டம்னு டிஸ்சார்ஜ் சம்மரில இருக்குன்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. நான் ஆடிட் ஆபீஸ்காரி, சும்மா விடுவேனா. 2017 மனநல பராமரிப்புச் சட்டம், பிரிவு 21(4), உடம்பு வியாதிக்கு எப்படி காப்பீடு குடுக்கறாங்களோ அதே மாதிரி மனநோய்க்கும் குடுக்கணும்னு இருக்கு. அதக் குறிப்பிட்டு மூணு மெயில் போட்டேன். பணம் வந்துச்சு. வாய்தா கேட்டு எழுதிப் பழகின கைக்கு அதுல ஒரு தனி சந்தோஷம்.

இப்ப எப்படி இருக்கேன்னு கேட்டா, ஞாயித்துக்கிழமை ஸ்டேட்டஸ்ல போடற மாதிரி எல்லாம் ஒண்ணும் இல்ல. வாசனை மெழுகுவத்தி ஒண்ணு கிஃப்ட்டா வந்துச்சு, கரெண்ட் போனப்ப ஏத்தினோம். காபி ரெண்டோட நிறுத்தியாச்சு, அது நிஜமாவே வித்தியாசம் தெரிஞ்சுது. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல கிளையன்ட் மெசேஜ் எடுக்கறதில்ல. மாசம் இருபதாம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள் அன்னிக்கு மட்டும் விதிவிலக்கு, அத மாத்த என்னால முடியல, முடியும்னு பொய் சொல்ல மாட்டேன். போன செப்டம்பர்ல மதியச் சாப்பாட்ட ஒன்றரை மணிக்கு டப்பாவத் தொறந்து சாப்டேன், அதுக்கு சார் மூஞ்சி போன போக்க நான் கண்டுக்கல. "பாசிட்டிவ்வா நினை"ன்னு யாராவது சொன்னா மட்டும் இன்னும் கோவம் வருது. எனக்கு நல்லது பண்ணது எதுவும் நினைப்பு இல்ல, அஞ்சு ரூபா டிக்கெட்டு.

பல்லு கதை எங்க ஆபீஸ்ல இன்னும் அப்படியேதான் இருக்கு. சாருக்கு உண்மை தெரியும்னு ஒரு சந்தேகம். போன மாசம் அவரே கன்னத்துல கைய வச்சிக்கிட்டு, "அந்த பல் டாக்டர் நம்பர் இருக்காம்மா, எங்க பையனுக்கு"ன்னு கேட்டாரு. பையனுக்கு என்னன்னு நான் கேக்கல. மாடி கிளினிக் நம்பரத்தான் அனுப்பினேன். அரை மணி நேரம் கழிச்சு "தேங்க்ஸ்மா"ன்னு மட்டும் பதில் வந்துச்சு.

மாத்திரை இப்ப அஞ்சு மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கு. அம்மாவோட குணசீலமும் போயிட்டு வந்தேன், எல்லாம் ஓரளவு சரியான பிறகு. தீர்த்தம் மூஞ்சில அடிச்சப்ப பூக்கார அக்கா ஞாபகம்தான் வந்துச்சு.

மெட்ரோ மட்டும் இன்னும் பாக்கி. சுரங்கத்துக்குள்ள போற ரயில்ல நான் இதுவரைக்கும் ஏறினதே இல்ல. பாப்பா ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டே இருக்கா. மேப்ப எடுத்துப் பாத்தேன், மீனம்பாக்கத்துல ஏறினா சின்னமலை வரைக்கும் வண்டி மேலதான் ஓடுது, அதுக்கப்புறம் உள்ள இறங்கிடுது. அடுத்த ஸ்டேஷன் சைதாப்பேட்டை. வர்ற ஞாயித்துக்கிழமை சைதாப்பேட்டைக்கு டிக்கெட் எடுக்கறதா பாப்பாகிட்ட சொல்லியிருக்கேன். சுரங்கத்துக்குள்ள ஒரே ஒரு ஸ்டேஷன். "அங்க என்னம்மா இருக்கு?"ன்னு கேட்டா. ஒண்ணும் இல்லடா, இறங்கி திரும்பி வருவோம்னேன். அவ மூஞ்சி சுருங்கிப்போச்சு, அதனால ஐஸ்கிரீமும் உண்டுன்னு சேத்துக்கிட்டேன்.